மாதம் 2,000 பைக்கற் விற்கிறேன், கையில் காசு இல்லை. தொழில் நடத்த எங்கே படிப்பது?

களுவாஞ்சித் தூள்:
எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் வீட்டிலேயே மிளகாய்த்தூள் பைக்கற் பண்ணிக் கடைகளுக்குப் போடுகிறேன், இரண்டு வருசம் ஆகிறது. 100 கிராம் பைக்கற் ஒன்றுக்குச் செத்தல் மிளகாய், மில் கூலி, பை, லேபல் எல்லாம் சேர்த்து 113 ரூபாய் முடிகிறது. கடைக்கு 140க்குக் கொடுக்கிறேன். மாதம் 2,000 பைக்கற் போகிறது. 27 ரூபாய்ப்படி பார்த்தால் 54,000 மிஞ்ச வேண்டும், ஆனால் மாதக் கடைசியில் செத்தல் வாங்க மச்சானிடம் கைமாற்றுக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். தொடங்கும்போது மனைவியின் நகையை 300,000க்கு அடகு வைத்தது, இன்னும் மீட்கவில்லை. மச்சான் சொல்கிறார், உனக்குத் தூள் இடிக்கத் தெரியும், தொழில் நடத்தத் தெரியாது, ஆறு மாத முகாமைத்துவ டிப்ளோமா ஒன்று செய் என்று. நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு, கணக்கீடு தொட்டதே இல்லை. படிக்கத்தான் வேண்டுமா? படிப்பதென்றால் எங்கே தொடங்குவது?

கல்முனைப் பலசரக்கு:
தம்பி, அந்த டிப்ளோமாக் காசுக்குச் செத்தல் மூட்டை வாங்கிப் போடுங்கள். நான் 14 வயதில் வாப்பாவின் கடையில் சீனி நிறுத்துக் கட்டுவதில் தொடங்கினேன். இரண்டு வருசம் காசுப் பெட்டியைத் தொட விடவில்லை. யார் கடன் கேட்கிறான், யார் எந்தக் கிழமை தருகிறான், எந்தச் சாமான் தூங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். தொழில் என்றால் அதுதான், அது வகுப்பில் கிடைக்காது. உங்கள் காசு எங்கே என்று இங்கே இருந்தே சொல்வேன், கடைகளில் கிடக்கிறது. எத்தனை நாள் கடன் கொடுக்கிறீர்கள்?

களுவாஞ்சித் தூள்:
45 நாள் அளவில், காக்கா. சில கடைகள் அதற்கு மேலும் இழுக்கும். கடன் இல்லை என்றால் கொழும்புக் கம்பனிச் சாமானைப் போட்டுவிடுவார்கள் என்று பயம். செத்தல் மட்டும் கைக்காசுக்குத்தான் வாங்குகிறேன்.

இரட்டைப்பதிவு:
நான் மட்டக்களப்பில் கணக்கீடு படிப்பிக்கிறேன். காக்கா சொன்ன இடம் சரி, அதை எண்ணில் போட்டுப் பாருங்கள். மாதம் 280,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள், 45 நாள் கடன் என்றால் எந்த நாளில் பார்த்தாலும் 420,000 ரூபாய் மற்றவர்களின் கடையில் நிற்கிறது. அதில் 339,000 உங்கள் கைக்காசு, செத்தலுக்கும் மில்லுக்கும் நீங்கள் ஏற்கெனவே கொடுத்து முடித்தது. அடகு வைத்த நகை இப்போது எங்கே இருக்கிறது என்றால் அந்தக் கடைகளின் தட்டில்தான். இலாபம் வேறு, காசு வேறு, இதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, இதே கடனில் 4,000 பைக்கற்றாகக் கூட்டினால் நெருக்கடி குறையாது, இரண்டு மடங்காகும். விற்பனை கூடினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்து மூடிய தொழில்கள் எத்தனை!

ஆனால் காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் போதும் என்பதை ஏற்கமாட்டேன். முதலாளியின் கெட்டித்தனத்தோடு அவருடைய பிழையையும் சேர்த்துத்தான் பழகுவோம், எது எது என்று பிரிக்க ஒரு அளவுகோல் வேண்டும்.

தம்பி, ஒரு கேள்வி. அந்த 113 ரூபாயில் தூளை நிறுத்துக் கட்டுகிறவர் யார்?

களுவாஞ்சித் தூள்:
அம்மாவும் மனைவியும்தான், சேர். ஆளுக்கு ஒரு நாலு மணித்தியாலம், மாதம் 25 நாள். வீட்டு ஆட்கள் என்றபடியால் கணக்கில் போடவில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் 12,000 அளவில் போகும், அடகு வட்டி மாதம் 4,500. திகதி முடிந்தது, பை கிழிந்தது என்று 60 பைக்கற் அளவில் திரும்பி வரும்.

இரட்டைப்பதிவு:
பாருங்கள். திரும்பி வந்த பைக்கற்றில் 27 மட்டும் போகவில்லை, 140 முழுதாகப் போகிறது. 60 பைக்கற் என்றால் 8,400. 54,000இல் இருந்து 12,000, 4,500, 8,400 கழித்தால் 29,100. இருவருமாக மாதம் 200 மணித்தியாலம் உழைக்கிறார்கள், அது ஒரு முழு ஆளின் வேலை. 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்சச் சம்பளத்தை 27,000 ஆக்கினார்கள், 2026 ஜனவரியில் அது 30,000 ஆனது, குறைத்து அந்த 27,000ஐயே போடுவோம். மிஞ்சுவது 2,100 ரூபாய். இதில் நீங்கள் வெயிலில் கடை கடையாக ஓடுகிற உழைப்பு இன்னும் வரவில்லை.

கல்முனைப் பலசரக்கு:
சேர், இந்தக் கணக்கைப் பார்த்தால் தம்பி நாளைக்கே மூடிவிடுவார். அம்மாவுக்குச் சம்பளம் போட்டுப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும் என்றால் காத்தான்குடியிலும் கல்முனையிலும் ஒரு கடையும் திறந்திருக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மருதமுனையில் தறியும் போய் வீடும் போய் நின்ற சனம் எதை வைத்து எழும்பியது? உம்மாவின் கையும் பிள்ளைகளின் கையும்தான் முதல். எங்கள் சனத்திடம் இருந்த ஒரே முதல் அதுதான். அதைச் செலவு என்று எழுதி இலாபம் இல்லை என்று காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வருசத்தில் மாதம் 2,000 பைக்கற் எடுக்கிற கடைகளைப் பிடித்திருக்கிறாரே, அது உங்கள் கொப்பியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

பேரேடு:
கணக்காளர் கந்தோரில் வேலை செய்கிறேன், ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 27,000 கணக்கிலேயே பார்த்தாலும், வெளி ஆளை வைத்தால் செலவு 27,000 அல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், ஆக 31,050. ஒரே ஒரு ஆள் என்றாலும் கட்ட வேண்டும். ஆளின் 8 வீதம் சம்பளத்தில் கழிபடும்.

கல்முனைப் பலசரக்கு:
நானும் அதைத்தானே சொல்கிறேன். வெளி ஆள் வைக்க இயலாதபடியால்தான் வீட்டு ஆட்கள்.

இரட்டைப்பதிவு:
மூடச் சொல்லவில்லை காக்கா, எழுதச் சொல்கிறேன். கொடுக்க முடியாவிட்டாலும் எழுதுங்கள். எழுதாவிட்டால் தூள் உங்களை வாழவைக்கிறதா, அம்மா தூளை வாழவைக்கிறாவா என்று கடைசிவரை தெரியாது. அம்மாவுக்கு நாளைக்கு முழங்கால் வலித்து உட்கார்ந்தால் அவவின் பாதி வேலைக்கு ஆள் வைக்க அன்றைக்கு 113 என்பது 120 அளவில் ஆகும், கடைக்காரனிடம் திடீரென்று விலை கூட்டவும் முடியாது.

செங்கலடிப் பொடியன்:
வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறேன். டிப்ளோமாவை எல்லாரும் இப்படித் தள்ளத் தேவையில்லை. கடனுக்கு வங்கியில் வணிகத் திட்டம் கேட்பார்கள், அதை எழுதப் பழக்குவார்கள், சந்தைப்படுத்தல், லேபல், ஒன்லைன் விற்பனை எல்லாம் படிக்கலாம். அண்ணனுக்கு இப்போது தேவை வளர்வதற்கான வழி.

இரட்டைப்பதிவு:
தம்பி, அவர் வளர்ந்தால் இன்னும் தாழ்வார் என்றுதான் மேலே எழுதினேன். 45 நாள் கடனுக்கு மேல் வங்கிக் கடனும் ஏறினால் என்ன நடக்கும் என்று அந்தத் திட்டத்திலேயே ஒரு மாதத்துக்குக் காசு வரவு செலவு போட்டுப் பாருங்கள். படிப்பு வேண்டாம் என்று சொல்ல நான் யார், அது என் தொழில். வரிசைதான் முக்கியம், லேபல் பிறகு.

வாவிக்கரை:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஆறு வருசம் குடும்பத் தொழில் ஒன்றில் மா அரித்து, பைக்கற் கட்டி, விடிய மூன்று மணிக்கு எழும்பி வேலை செய்தவள். வீட்டு ஆள், சம்பளம் எதற்கு என்றுதான் அங்கேயும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு சகோதரர்கள் பிரிந்தபோது மெஷின் யாருக்கு, வான் யாருக்கு, கடைகள் யாருக்கு என்று பங்கு வந்தது. போட்ட காசுக்கெல்லாம் துண்டு இருந்தது. என் ஆறு வருசத்துக்கு ஒரு வரி எழுத்து இல்லை. காக்கா உம்மாவின் கையை முதல் என்று சொன்னது சரிதான், ஆனால் முதல் போட்டவர் பெயரைக் கொப்பியில் எழுதுவார்களே? நகையை 300,000 என்று தம்பி சரியாக ஞாபகம் வைத்திருக்கிறார், ஏனென்றால் அதற்கு அடகுத் துண்டு இருக்கிறது.

தம்பி, நாலு மணித்தியாலம் என்று நீங்கள் சொன்னது உங்கள் மதிப்பு. அம்மாவிடம் கேட்டீர்களா?

கல்முனைப் பலசரக்கு:
தங்கச்சி சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் கடையிலும் உம்மா பின்னால் இருந்து அரிசி புடைத்தவ, வாப்பா மௌத்தாகி அவ கடைக்கு வராமல் நின்ற பிறகுதான் அவ எவ்வளவு செய்தா என்று தெரிந்தது, அந்த வேலைக்கு இரண்டு பேரை வைக்க வேண்டி வந்தது. எழுதுவது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சேர், கொப்பியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று நானும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதம் 360 அளவுக்குப் போனது. செத்தல் பெரும்பாலும் இந்தியாவில் இருந்து வருகிற சாமான். முன்பு வாங்கி வைத்த மூட்டைகளை வாங்கின விலைக்கு மேல் வழக்கமான இலாபம் வைத்து விற்றேன். சனம் கஷ்டப்படுகிற நேரம் என்ற எண்ணமும் இருந்தது. கொப்பியைப் பார்த்தால் இலாபம். அந்தக் காசைக் கொண்டு போய் வாங்கப் போனால் பத்து மூட்டை விற்ற இடத்தில் ஆறுதான் வந்தது. மூன்று தரம் அப்படிச் சுற்றியதில் களஞ்சியத்தில் பாதி காலி. வாங்கின விலையைப் பார்த்து விற்காதே, அடுத்த மூட்டை வாங்கப் போகிற விலையைப் பார்த்து வில் என்று வாப்பா சொல்லியிருந்தார், நான் கொப்பியைப் பார்த்தேன்.

இரட்டைப்பதிவு:
உண்மை. மாற்றீட்டுக் கிரயம் என்று அதற்குப் பெயர் இருக்கிறது, ஆனால் வகுப்பில் நாங்கள் எழுதுவிக்கிற கணக்கு வாங்கின விலையில்தான் நிற்கிறது, என் மாணவர்கள் அந்த மாதக் கணக்கை எழுதியிருந்தாலும் இலாபம் என்றுதான் காட்டியிருப்பார்கள். இதை இனி வகுப்பில் சொல்வேன்.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு பக்கமும் எழுதுகிற இரட்டைப் பதிவை முதலில் அச்சில் விளக்கிய லூக்கா பசியோலி ஒரு துறவி. 1494இல் வெனிஸில் அச்சான அவருடைய நூலில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அந்த ஊர் வியாபாரிகள் செய்து வந்ததை ஒழுங்காக எழுதினார். அவர் சொன்ன மூன்று கொப்பிகளில் முதலாவது அன்றாடக் கொப்பி, நடந்ததை நடந்தபடி எழுதுவது, மற்ற இரண்டும் அதிலிருந்து பிறப்பவை. தம்பி, ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி இன்றைக்கே தொடங்குங்கள். வந்த காசு, போன காசு, யார் எவ்வளவு தர வேண்டும், திரும்பி வந்த பைக்கற் எந்தக் கடையில் இருந்து, யார் எத்தனை மணித்தியாலம். ஒரு மாதம் எழுதிவிட்டு டிப்ளோமா பற்றி யோசியுங்கள், அப்போது வகுப்பில் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

கல்முனைப் பலசரக்கு:
எழுதிய பிறகு ஒன்று செய்யுங்கள். பழைய பில்லைத் தீர்த்தால்தான் புதிய சரக்கு இறக்குவேன் என்று சொல்லிப் பழகுங்கள். எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் சொல்லாதீர்கள், அதிகமாக இழுக்கிற கடையில் தொடங்குங்கள். உங்கள் தூள் அங்கே ஓடுகிறது என்றால் கடைக்காரன் விடமாட்டான், ஓடவில்லை என்றால் அந்தக் கடை உங்களுக்கு எதற்கு?

களுவாஞ்சித் தூள்:
ஐந்து நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். பழைய பில்களை எல்லாம் எடுத்து உட்கார்ந்தேன். 22 கடைகளில் மூன்று கடைகளிடம் மட்டும் 190,000 நிற்கிறது. போன மாதம் திரும்பி வந்த 60இல் 41 அதே மூன்று கடைகளில் இருந்து. கடன் இழுக்கிற இடத்தில்தான் சாமானும் பழுதாகிறது என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. ஒன்றில் பழைய பில்லைக் கேட்டேன், பாதி தந்தார். இன்னொன்றில் இனி வேண்டாம் என்றார்கள், இருந்த பைக்கற்றை எடுத்துக்கொண்டு வந்தேன், வரும்போது மனம் சரியில்லைதான்.

அக்கா, அம்மாவிடம் கேட்டேன். பைக்கற் கட்டுவது நாலு மணித்தியாலம். அதற்கு முன்னால் காம்பு கிள்ளுவது, பாயில் காயப்போட்டு மழை இருட்டினால் ஓடி எடுப்பது, அது இரண்டு மணித்தியாலம், அதை வேலை என்று அவவும் சொல்லவில்லை நானும் நினைக்கவில்லை. அப்போது மாதம் 250 மணித்தியாலம், 200க்கு 27,000 என்ற அதே கணக்கில் 33,750. மிஞ்சுவது 2,100 அல்ல, 4,650 நட்டம். கொப்பியில் அம்மாவுக்கும் மனைவிக்கும் தனித் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். மனைவி தன் பக்கத்தைத் தானே எழுதுகிறா.

சேர், 1ஆம் திகதியில் இருந்து 143 ஆக்கலாம் என்று நினைக்கிறேன். 3 ரூபாய் கூடினால் அந்த 4,650 மூடும்.

கல்முனைப் பலசரக்கு:
143 வேண்டாம், சில்லறைக் கரைச்சல், பில்லில் 140 என்றே வெட்டுவார்கள். 145 போடுங்கள். அதற்கு முதல் ஒருதரம் செத்தல் இந்தக் கிழமை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று எழுதுங்கள், கல்முனை விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வாவிக்கரை:
அம்மாவின் பக்கத்தில் இந்த ஐந்து நாளை மட்டும் போடாமல், இரண்டு வருசத்தையும் போடுங்கள் தம்பி.