சிஸ்டம் சொன்னதைக் கேட்டு (அல்லது கேட்காமல்) மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

கேஷ்வண்டி:
2016 நவம்பர். எந்த நவம்பர் என்று விளக்க வேண்டியதில்லை. ஏ.டி.எம்.களில் எதற்கு எவ்வளவு பணம் என்று முடிவு செய்யும் மேசை என்னுடையது. கணிப்பு மென்பொருள் தினமும் காலையில் பட்டியல் கொடுக்கும். சம்பளத் தேதி, பண்டிகை, சனி ஞாயிறு எல்லாம் அதற்கு அத்துப்படி. நான் அதை மீறியதே இல்லை.

புது 2000 ரூபாய்த் தாள் அளவிலேயே வேறு; கேசட்டை (மெஷினுக்குள் தாள் அடுக்கும் பெட்டி) மாற்றியமைக்கும் வரை மெஷின் அதைத் தராது. இருந்தது நூறு ரூபாய்த் தாள்தான். ஒரு கேசட்டுக்கு 2,500 தாள் என்றால் இரண்டரை லட்சம். ஆளுக்கு 2000 வீதம் 125 பேரோடு சரி.

ஒரு நாள் காலை தாம்பரம் பக்கம் ஒரு மெஷினுக்கு 'தேவை: குறைவு' என்று வந்தது. நாலு நாளாகக் காலியாகக் கிடந்த மெஷின் அது. காலி மெஷினில் யார் எடுப்பார்கள்? யாரும் எடுக்காததால் அங்கே யாருக்கும் பணம் தேவையில்லை என்று அது முடிவு கட்டிவிட்டது. அங்கே போன பையன் போன் செய்தான்: "சார், கூட்டம் வண்டிக் கதவையே திறக்க விடலை. நீங்க குறைவுன்னு போட்டிருக்கீங்க?" பின்னால் ஒரு பாட்டியின் குரல், "அஞ்சு தாள் குடுத்தாப் போதும்பா" என்று. பட்டியலில் இருந்ததைத்தான் அனுப்பினேன்.

மாத்திரை டப்பா:
கேஷ்வண்டி சார், உங்கள் சிஸ்டம் தேவையைக் குறைத்துச் சொன்னது. எனக்கு நேர் எதிர். 2020 மார்ச், ஊரடங்குக்கு முந்தைய வாரம். மருந்து மொத்த விற்பனை. பி.பி., சுகர் மாத்திரையை ஜனங்கள் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினார்கள். சிஸ்டம் அதைப் பார்த்துவிட்டு, ஊரில் சர்க்கரை நோயாளிகள் மும்மடங்கு ஆகிவிட்டார்கள் என்பதுபோல ஆர்டர் போட்டது. நானும் ஒப்புதல் கொடுத்தேன். ஏப்ரலில் அந்த மாத்திரைக்கு ஆளே இல்லை. அட்டைப்பெட்டிகள் கழிவறைக் கதவு வரை. காலாவதித் தேதியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எஸ்கியூஎல் மாமா:
மன்னிக்கணும். இரண்டு பேரும் மென்பொருளைத் திட்டுகிறீர்கள். அது விற்றதை எண்ணும், கேட்டதை எண்ணாது. சரக்கு இல்லாத நாளைப் பூஜ்யம் என்று பதிந்தது யார்? நாம்தான்.

என் கதை சின்னது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். என் திரையில் எல்லாக் கிளைகளும் பச்சை. மேலாளரிடம் "பிரச்சினை இல்லை சார்" என்றேன். பல கிளைகளில் மின்சாரம் போய்த் தகவலே வரவில்லை; கடைசியாக வந்ததையே திரை காட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

இப்போது செய்ய வேண்டியது. சரக்கு தீர்ந்த நாளைக் கணக்கிலிருந்து தள்ளுங்கள், அல்லது அதே கிழமையின் பழைய சராசரியைப் போடுங்கள். திடீர் உச்சத்தைத் தனியே குறித்து வையுங்கள். அது அடுத்த மாதத்து விற்பனையை முன்கூட்டியே தின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை எண்ணை நம்பாதீர்கள், 'இத்தனையிலிருந்து இத்தனை வரை' என்று கேளுங்கள். திரையில் தகவல் வந்த நேரம் எண்ணுக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். கணிப்பை நீங்கள் கையால் மாற்றினால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து யார் சொன்னது பலித்தது என்று ஒப்பிடுங்கள். மாத்திரை டப்பா, நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டியது...

நூல்கண்டு:
மாமா, யார் கேட்டது? :)
திருப்பூர். 2022 மே, பஞ்சு ஒரு கேண்டி (356 கிலோ) லட்சத்தைத் தாண்டிய சமயம். அடக்கவிலை கணக்குப் போடும் காஸ்டிங் மென்பொருள் கையிருப்பு நூலின் சராசரி விலையை வைத்து பனியன் விலை சொன்னது, லாபம் இருந்தது. முதலாளி லேப்டாப்பை மூடிவிட்டு நூல் ஏஜென்டுக்குப் போன் போட்டார். "அது போன மாச விலைடா தம்பி" என்று சொல்லி ஆர்டரைக் கைவிட்டார். வாங்க வந்த பையர் வேறு கம்பெனிக்குப் போனார். பிறகு சில மாதத்தில் பஞ்சு இறங்கியது, ஆர்டரும் இல்லை, மெஷினும் சும்மா. யார் சரி என்று இன்றும் எங்களுக்குள் சண்டை. மாமாவின் ஒப்பீட்டில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

கேஷ்வண்டி:
மாமா சொன்ன 'ஏன் மாற்றினாய்' பெட்டி எங்கள் சிஸ்டத்திலும் இருந்தது. மாற்றினால் நிரப்ப வேண்டும், மேலே மெயில் போகும். அன்று போனை வைத்ததும் அதைத் திறந்தேன். 'வரிசை' என்று ஒரு வார்த்தை அடித்தேன். அப்புறம் அழித்துவிட்டேன்.