புதுப்பிப்பு: எங்கள் தெரு ஆப்பிரிக்க நத்தைகள், மூன்று வாரம் கழித்து

பப்பாளிக் கன்றுகளை நத்தைகள் மொட்டையடித்துவிட்டன, உப்பைத் தூவலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தூவவில்லை. உப்பு மண்ணையும் செடியையும் சேர்த்துக் கெடுக்கும் என்று நீங்கள் சொன்னது சரிதான்.

இப்போது நாங்கள் எட்டுப் பேர், இருட்டியதும் டார்ச்சோடு இறங்குகிறோம். ஈரச் சாக்கில் முட்டைக்கோஸ் இலைகளைப் போட்டு மதில் ஓரம் விரித்துவைத்தால் நத்தைகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன, அப்படியே அள்ளி கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுகிறோம், செத்ததைக் குழி தோண்டிப் புதைக்கிறோம். முதல் வாரம் இரண்டு வாளி, நேற்று கால் வாளிகூட இல்லை! ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஒரு நத்தை ஒரே தடவையில் இருநூறு முட்டைகூட இடும், அதனால் மண்ணைக் கிளறி அந்த மஞ்சள் மணிகளையும் எடுத்தே ஆக வேண்டும்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளை விடவே விடாதீர்கள். இதன் உடம்பில் இருக்கக்கூடிய எலி நுரையீரல் புழு மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும்.

அப்புறம், கூம்பு மாதிரி நீண்ட, பழுப்புக் கோடு போட்ட ஓடு இருந்தால் மட்டும் எடுங்கள். தட்டையான ஓட்டோடு இருப்பவை நம்மூர் நத்தைகள், பாவம், அவற்றை விட்டுவிடுங்கள்.

அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி எழுதுகிறேன்.