1966 மஸ்டாங் முன் கண்ணாடி: ரப்பரோடு விடுவதா, யூரித்தேன் வைத்து ஒட்டுவதா?

மஸ்டாங்66 (மிச்சிகன்):
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஃபோர்டின் 1966 மஸ்டாங் கார், ஹார்ட்டாப் மாடல், 289 எஞ்சின். பழைய முன் கண்ணாடி முழுக்க வைப்பர் தேய்த்த கீறல். சாயங்காலம் எதிர்வெயிலில் ரோடே தெரியாது. அதனால் புதுக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பிடிக்கும் புது ரப்பர் கேஸ்கெட் இரண்டும் வாங்கி வைத்து, வீட்டுக்கே வந்து மாட்டித் தரும் ஒரு கடையிடம் வேலையைக் கொடுத்தேன்.

மாட்டிய வாரத்திலேயே ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. கல் பட்ட தடம் எதுவும் இல்லை. அப்புறம் மழை பெய்தால் ஓட்டுநர் பக்கக் கார்பெட் நனைகிறது. கூப்பிட்டதும் வந்து சுற்றிலும் சிலிகான் அடித்தார்கள், காடி நாற்றம் இன்னும் போகவில்லை. ஒழுகல் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது வேறு கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். ஆனால் இந்த முறை கேஸ்கெட்டுக்குள் யூரித்தேன் பசை வைத்துத்தான் மாட்டுவார்களாம். ஒழுகாது, பாதுகாப்பும் அதிகம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா? ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்கு எடுத்துப் போக ஆசை.

டல்லாஸ்காரன்:
சம்மதியுங்கள். நான் மோதல் சோதனை சார்ந்த வேலையில் இருக்கிறேன், அதனால் எனக்கு முதலில் கண்ணுக்குத் தெரிவது ஒழுகல் இல்லை, ஆள். ரப்பர் கேஸ்கெட்டில் உட்கார்ந்த கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பது ரப்பரின் உதடு மட்டும்தான். நேருக்கு நேர் மோதினால் முழுக் கண்ணாடியும் கழன்று பானெட் மேல் போய் விழும். அந்த வழியாகவே ஆளும் வெளியே போவார். உங்கள் வண்டியில் இருப்பது இடுப்பு பெல்ட் மட்டும் என்று நினைக்கிறேன்.

இதற்காகத்தான் அமெரிக்காவில் எஃப்எம்விஎஸ்எஸ் 212 என்ற வாகனப் பாதுகாப்பு விதி வந்தது. மணிக்கு 30 மைல் வேகத்தில் தடுப்பில் மோதினாலும் கண்ணாடியின் சுற்றளவில் பெரும்பகுதி சட்டத்தை விட்டுக் கழலக் கூடாது. அது நடைமுறைக்கு வந்தது 1970இல். உங்கள் வண்டி அதற்கு முந்தையது, அதனால் சட்டம் உங்களைக் கேட்காது. இன்று கையில் நல்ல பசை இருக்கும்போது 1966இல் இருந்தபடியே விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழையதகடு (ஒஹையோ):
வேண்டாம். டல்லாஸ் நண்பர் சொல்லும் ஆபத்து உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொல்லும் மருந்து இந்த வண்டியில் வேலை செய்யாது.

1965 முதல் 68 வரை மஸ்டாங்கில் முன் கண்ணாடி எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். கேஸ்கெட்டில் இரண்டு பள்ளம். ஒன்று கண்ணாடியின் விளிம்பைக் கவ்வுகிறது, இன்னொன்று பாடியில் திறப்பைச் சுற்றி ஓடும் தகட்டு விளிம்பைக் கவ்வுகிறது. அந்த விளிம்பைத்தான் இங்கே பிஞ்ச் வெல்ட் என்கிறார்கள். இன்றைய காரில் கண்ணாடி அகலமான தகட்டின் மேல் படிந்து நிற்கும், பசைக்குப் பிடிக்க இடம் இருக்கும். மஸ்டாங்கில் கண்ணாடியும் தகடும் ஒன்றின் மேல் ஒன்று படிவதே இல்லை, இடையில் ரப்பர் இருக்கிறது. பசை ரப்பரைத்தான் பிடிக்கும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. கூரையின் உட்புறத்தை மூடும் ஹெட்லைனர் துணியின் முன் ஓரம் அந்தத் தகட்டு விளிம்பைச் சுற்றி மடித்து ஒட்டப்பட்டிருக்கிறது, அதன் மேல்தான் கேஸ்கெட் ஏறுகிறது. மேல் பக்கம் முழுக்க உங்கள் யூரித்தேன் போய் ஒட்டப்போவது வினைல் துணியில். மோதலில் அது எதைத் தாங்கும்? நாளைக்கு மறுபடி கண்ணாடி மாற்ற வேண்டுமானால் கம்பி வைத்து அறுக்க வேண்டும். அப்போது ஹெட்லைனரும் சேர்ந்து கிழியும், புது பெயின்ட்டும் உரியும்.

அப்புறம் வெயில். இன்றைய கண்ணாடிகளின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருப்பது புற ஊதாக் கதிர் பசையில் படாமல் மறைக்கத்தான். உங்கள் கண்ணாடியில் அந்தப் பட்டை கிடையாது.

இதற்கென்றே இறுகாத, கடைசிவரை மெத்தென்று இருக்கும் சீலர் இருக்கிறது. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு கோடு, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கோடு. வண்டி ஓடும்போது பாடி முறுக்கும், ரப்பர் அசையும், சீலரும் கூடவே அசைந்து கொடுக்கும்.

பெயின்ட்பூத் (நியூ ஜெர்சி):
நீங்கள் இருவரும் பசையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த விரிசல்தான் முக்கியம். கல் படாமல் ஓரத்திலிருந்து கிளம்பும் விரிசல் என்றால் கண்ணாடி எங்கோ நெருக்கப்பட்டு நிற்கிறது. மாட்டும்போது கீழ் மூலையைக் கையால் குத்தித் தள்ளினாலும் இப்படி வரும், ஆனால் நான் முதலில் பார்ப்பது தகட்டை. பட்டி, பிரைமர், பெயின்ட், கிளியர் என்று அடுக்கடுக்காக ஏறினால் விளிம்பு தடித்துப்போகும், ரப்பரின் பள்ளம் அதன் மேல் முழுக்க இறங்காது. மூலையில் துருவை வெட்டித் தகடு வெல்ட் செய்திருந்தால் அங்கே ஒரு மேடு நிற்கும். ஹெட்லைனர் துணி இரண்டு மூன்று மடிப்பாகத் திரண்டிருந்தாலும் அதே கதைதான்.

மஸ்டாங்66, வண்டிக்கு எப்போது பெயின்ட் அடித்தது? கீழ் மூலைகளில் தகடு மாற்றியிருக்கிறார்களா? காரணத்தைச் சரிசெய்யாமல் இன்னொரு கண்ணாடி மாட்டினால் அதுவும் உடையும். பசை வைத்து ஒட்டினால் இன்னும் சீக்கிரம் உடையும், ஏனென்றால் ரப்பர் கொடுத்த அந்தக் கொஞ்ச விட்டுக்கொடுப்பும் போய்விடும்.

சிலிகான் விஷயம். காடி நாற்றம் வருகிறது என்றால் உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை அது, குளியலறைக்கு அடிப்பது. தகடு வெறுமையாக இருக்கும் இடத்தில் துருவைக் கிளப்பும். அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் பெயின்ட்டும் பிடிக்காது, யூரித்தேனும் பிடிக்காது. ஒரு துளி விடாமல் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள்.

அசல்பிரியன்:
என் கருத்து வேறு. இப்போது வரும் மறுதயாரிப்புக் கண்ணாடிகளின் வளைவு அசலோடு அப்படியே ஒத்துப்போவதில்லை, பிரச்சினையே அங்கேதான். கார்லைட் முத்திரையும் தேதிக் குறியும் உள்ள ஃபோர்டு அசல் கண்ணாடியைத் தேடுங்கள். 1965, 66 இரண்டுக்கும் ஒரே கண்ணாடிதான். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு ஸ்வாப் மீட் என்னும் பழைய உதிரிபாகச் சந்தைகளில் இன்றும் கிடைக்கிறது. மதிப்பும் கூடும்.

டல்லாஸ்காரன்:
அசல்பிரியன் சார், இதில் உங்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. ஒரு உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் நேராகச் சொல்கிறேன். லேமினேட்டட் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். 1966 மாடல்களில்தான் அமெரிக்க வண்டிகளுக்கு அந்தப் படலத்தின் தடிமன் 0.38 மி.மீ.யிலிருந்து 0.76 மி.மீ. ஆனது. அதற்கு முந்தைய கண்ணாடியில் தலை மோதினால் படலம் கிழிந்து தலை வெளியே போகும், திரும்பி உள்ளே வரும்போது உடைந்த ஓரம் முகத்தையும் கழுத்தையும் அறுக்கும். மெல்லிய படலத்தால் எத்தனையோ பேரின் முகம் சிதைந்த பிறகுதான் தடிமனைக் கூட்டினார்கள்.

65க்கும் 66க்கும் ஒரே அளவு என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் பழைய பெட்டியில் இருப்பது 65இல் செய்ததாகவும் இருக்கலாம். இன்று தயாராகி முன் கண்ணாடிக்கான ஏஎஸ்1 தரக் குறியோடு வரும் சாதாரண மறுதயாரிப்பு அதைவிடப் பல மடங்கு மேல்.

அசல்பிரியன்:
தேதிக் குறியைப் படித்து 66 என்று உறுதி செய்துகொண்டு வாங்கலாமே?

பழையதகடு (ஒஹையோ):
வாங்கலாம், ஆனால் பல வருடம் கிடங்கில் நின்ற கண்ணாடியின் ஓரத்தைப் பாருங்கள். படலம் விட்டுப்போய்ப் பால் போல வெளுத்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கண்காட்சி நடுவர்களுக்காகத்தான் என்றால் கார்லைட் முத்திரையும் தேதிக் குறியும் போட்ட மறுதயாரிப்பே விற்கிறார்கள். ஓட்டுகிற வண்டிக்குப் புதியதுதான் என் தேர்வு. இந்த விஷயத்தில் நான் டல்லாஸ் பக்கம்.

ஆனால் மஸ்டாங்66, கார்பெட் நனைகிறது என்றீர்களே, அந்தத் தண்ணீர் கண்ணாடி வழியாகத்தான் வருகிறது என்று யார் பார்த்தது? இந்த வண்டிகளில் கண்ணாடிக்கு முன்னால் காற்று இறங்கும் கிரில் இருக்கிறது, அதன் கீழே கவுல் என்ற தகட்டுப் பெட்டி. அதற்குள் இரண்டு பக்கமும் காற்று உள்ளே வரும் துளையைச் சுற்றித் தகட்டால் ஒரு கழுத்து எழுப்பியிருக்கும். இலையும் மண்ணும் தேங்கி அந்தக் கழுத்தின் அடி துருப்பிடித்து ஓட்டையாகும். மழைத் தண்ணீர் நேராக உங்கள் கால் மேல் விழும். முதல் தலைமுறை மஸ்டாங் வைத்திருப்பவர் எல்லோரும் ஒருநாள் பார்க்கும் நோய் இது.

கண்ணாடியை முழுவதும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி டேப் ஒட்டுங்கள். கிரில்லில் மட்டும் ஹோஸ் வைத்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஒருவர் டாஷுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

மஸ்டாங்66 (மிச்சிகன்):
செய்து பார்த்தேன். என் மனைவி தண்ணீர் விட, நான் கீழே படுத்திருந்தேன். இடது பக்கக் காற்றுத் துளை ஓரமாகச் சொட்டுகிறது. கண்ணாடிப் பக்கம் ஒரு துளிகூட இல்லை. பிறகு கிரில்லை மூடிவிட்டுக் கண்ணாடி மேல் மட்டும் விட்டோம், அந்த விரிசல் மூலையில் லேசான ஈரம், அவ்வளவுதான்.

பெயின்ட்பூத் கேட்டதற்கு: ஆமாம், பெயின்ட் அடித்தபோது இரண்டு கீழ் மூலையிலும் தகடு வெட்டி மாற்றினார்கள்.

பெயின்ட்பூத் (நியூ ஜெர்சி):
அப்போது விடை வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றியதும் அந்த மூலைகளில் விளிம்பின் தடிமனை அளந்து, வெல்ட் படாத இடத்தோடு ஒப்பிடுங்கள். மேட்டைத் தேய்த்து இறக்கி, வெற்றுத் தகட்டில் எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். அப்புறம் ரப்பர் இல்லாமல் கண்ணாடியைச் சின்னச் சின்ன ஷிம் (இடைவெளித் துண்டு) மேல் வைத்து, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் படியை வீட்டுக்கு வந்து மாட்டும் கடைகள் செய்வதே இல்லை. புதுக் கார்களிலேயே பழகிய பையன்கள், ரப்பர் உதட்டைக் கயிறு போட்டுத் தகட்டின் மேல் இழுத்து மாட்டியதைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

டல்லாஸ்காரன்:
ஒழுகலுக்கு யூரித்தேன் தீர்வில்லை என்பதை ஏற்கிறேன், கவுல்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. ஹெட்லைனர் பற்றிச் சொன்னதும் சரியான கேள்வி. ஆனாலும் கண்ணாடி பக்கத்துப் பள்ளத்திலும், கீழ்ப் பகுதித் தகட்டிலும் பசை வைத்தால் எதுவுமே இல்லாததைவிட மேல் என்பதுதான் என் நிலை. பாதி பிடித்தாலும் அது ஒரு பிடிதானே?

பழையதகடு (ஒஹையோ):
பாதி பிடித்தது, பாதி விடுபட்டது என்று நின்றால் விசை முழுக்க அந்தப் பிடித்த ஓரத்தில் போய்ச் சேரும். அது கண்ணாடியைக் கிழிக்குமா, தகட்டை உரிக்குமா, ஆளைக் காப்பாற்றுமா என்று சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. நீங்களே சோதனைத் துறையில் இருப்பவர். அளந்து பார்க்காத ஒன்றைப் பாதுகாப்பு என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லலாமா?

1967 செவர்லே கமாரோவாக இருந்தால் நான் உங்களோடு சண்டை போடவே மாட்டேன். அதில் ஒட்டும் முறைதான், யூரித்தேன்தான் போட வேண்டும். அங்கே கிளிப் மாட்டும் ஸ்டட்களைச் சுற்றித் துரு பிடிக்கும், அது வேறு தலைவலி. ஃபோர்டே 1969க்கு மஸ்டாங்கின் திறப்பை மாற்றியமைத்த பிறகுதான் கேஸ்கெட்டை விட்டது. தகடும் கண்ணாடியும் பசையும் சேர்ந்ததுதான் அந்த முறை. அதில் பசையை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து 66இல் வைக்க முடியாது.

டல்லாஸ்காரன்:
அளந்ததில்லை என்பது உண்மை. சரி, பசை வாதத்தை இத்தோடு விடுகிறேன். ஆனால் ஆள் வெளியே போகும் ஆபத்து அப்படியே இருக்கிறது, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? தோள் பெல்ட் போடுங்கள். ஹார்ட்டாப்பில் நடுத்தூண் கிடையாது, அதனால் கூரையோரத்தில் வலுவூட்டும் தகடு வெல்ட் செய்து அதில் போல்ட் பிடிக்க வேண்டும். வெறும் தகட்டில் துளை போட்டு மாட்டினால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். மேலே ஹெட்லைனரை இறக்க வேண்டியிருக்கும், கண்ணாடி வெளியே இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

மஸ்டாங்66 (மிச்சிகன்):
டல்லாஸ் அண்ணா, தோள் பெல்ட்டைக் கட்டாயம் போடுகிறேன். பிள்ளைகள் பின் சீட்டில் உட்காருகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கடைக்காரரிடம் பேசினேன். விரிசலுக்குப் பொறுப்பேற்று உடைந்த கண்ணாடியின் விலையைத் திருப்பித் தருகிறார். மாட்டும் வேலையை அவரிடம் மறுபடி கொடுக்கவில்லை. கவுலைத் திறந்து தகடு மாற்றப் போகிறேன், உட்வர்டுக்கு இந்த வருடம் வண்டி தயாராகாது.

பழையதகடு (ஒஹையோ):
நல்ல முடிவு. கவுல் வெல்டிங் முடியும்வரை புதுக் கண்ணாடியைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள், பொறி பட்டால் குழி விழும். டாஷ் பேட் வெடித்திருந்தால் மாற்றவும் இதுதான் நேரம், கண்ணாடி இருக்கும்போது அதை எடுப்பது கஷ்டம்.

மாட்டும் நாள் வெயிலாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் ரப்பர் விறைத்துவிடும். கேஸ்கெட்டைக் கண்ணாடியில் மாட்டி, தகட்டுப் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியும் கீழ் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, இருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, ஒருவர் உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தால் உதடு தகட்டின் மேல் ஏறும். எங்கேயாவது இறுகினால் நிறுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம். டொலிடோவிலிருந்து உங்கள் ஊர் பக்கம்தான். தேதி சொன்னால் நான் வருகிறேன்.

பெயின்ட்பூத் (நியூ ஜெர்சி):
மூலைத் தகட்டைத் தேய்த்ததும் படம் போடுங்கள். பிரைமர் அடிப்பதற்கு முன்னால்.