ஆட்டுப்பாலில் சினை பார்த்த கதை, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

லேப்செல்வி, ஜூரோங்:
சிங்கப்பூரில் பன்றிப் பண்ணைகளை 1990 வாக்கிலேயே மூடிவிட்டார்கள், ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லிம் சூ காங் பக்கமிருந்து ஆட்டுப்பால் மாதிரிகள் வரும். கிடாவோடு சேர்த்து 21 நாள் கழித்துக் கறந்த பால். அதில் புரோஜெஸ்டிரோன், அதாவது சினையைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோன், எவ்வளவு என்று எலைசா என்னும் நிறம் மாறும் சோதனையில் பார்ப்போம். கடைசியில் அமிலம் விட்டதும் சோதனைத் தட்டில் நீலமாக இருந்த குழிகள் எல்லாம் சட்டென்று மஞ்சளாகும். ஹார்மோன் அதிகமிருந்தால் மஞ்சள் வெளிறிப்போகும், இல்லாவிட்டால் அடர்த்தியாக இருக்கும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

அளவு குறைவாக இருந்தால் சினை இல்லை, அதை நம்பலாம். அதிகமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஒரு ஆட்டுக்கு ஒவ்வொரு தடவையும் அளவு உயர்ந்தே இருந்தது, வயிறும் பெருத்தது, பண்ணைக்காரர் குட்டிக்காக அவ்வளவு ஆசையாகக் காத்திருந்தார். ஸ்கேனில் பார்த்தால் கருப்பை நிறைய நீர் மட்டும். பொய்ச்சினை. சினைப்பையில் முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள் கரையாமல் நின்றுவிட்டால் புரோஜெஸ்டிரோன் சுரந்துகொண்டேதான் இருக்கும், குட்டி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதிலிருந்து, ஸ்கேன் பார்க்காமல் யாரிடமும் "சினை" என்று நான் சொல்வதில்லை.

நாமக்கல்_தம்பி, ஈசூன்:
அக்கா, எங்கள் கதை நேர்மாறு. ஊரில் அண்ணன் கறவை மாட்டுக்குச் சினை ஊசி போட்டு, மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்து அனுப்பினார். நல்ல வெயில், குப்பி பாதி நாள் பைக் பையிலேயே கிடந்திருக்கிறது. புரோஜெஸ்டிரோன் குறைவு, சினை இல்லை என்று ரிப்போர்ட். அண்ணிக்கு மனசு ஒப்பவில்லை, மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவர ஊசி போட வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். அப்புறம் டாக்டர் கைவிட்டுப் பார்த்தபோது மாடு சினை! இது எப்படி அக்கா?

லேப்செல்வி, ஜூரோங்:
தம்பி, அண்ணிக்கு என் வணக்கம். அந்தப் பருவ ஊசி, மஞ்சள் திரளைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டினாக இருந்திருந்தால் கரு கலைந்திருக்கும். குறைந்த அளவை நம்பலாம் என்றேனே, மாதிரி ஒழுங்காக வந்து சேர்ந்தால்தான் அந்தப் பேச்சு. மாட்டு ரத்தத்தின் சிவப்பணுக்கள் புரோஜெஸ்டிரோனை வேறு பொருளாக மாற்றிவிடும், சூட்டில் இன்னும் வேகமாக. சில மணி நேரத்திலேயே அளவு கணிசமாக இறங்கிவிடும். எடுத்த உடனே ஐஸில் வைத்து, சீக்கிரம் இயந்திரத்தில் சுழற்றி, அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரான பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் பால் அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் எல்லா மாதிரியையும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும், முதலில் கறந்ததையும் மடியில் கடைசியாக ஒட்டக் கறந்ததையும் மாற்றி மாற்றி அனுப்பினால் ஒப்பிடவே முடியாது. கடைசிப் பாலில் கொழுப்பு அதிகம், புரோஜெஸ்டிரோன் கொழுப்போடுதான் போகும். குப்பியில் மாட்டு எண்ணும் சினை ஊசி போட்ட தேதியும் அழியாத மையில் இருக்கட்டும்.