கொண்டைக்கடலை ஊறும்போதே உப்பு போடலாமா?

மயிலை அடுப்படி:
"வெந்த பிறகுதான் உப்பு, முன்னாடியே போட்டால் கடலை வேகாது." எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான் சட்டம். போன நவராத்திரியில் மாற்றிப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, கறுப்புக் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் வடித்து, வேறு தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வைத்தேன். தோல் பிரியவில்லை. விரலால் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி அமுங்கியது. நடுப்பருப்பு வரைக்கும் உப்பு ஏறியிருந்தது. கடைசியில் உப்பைத் தூவிப் பிரட்டினால் தாளிப்பு மட்டும்தான் ருசிக்கும், கடலை சப்பென்று கிடக்கும். இனி உப்பில்லாமல் ஊறவைக்க மாட்டேன்.

பெரம்பூர் கைப்பக்குவம்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேளச்சேரியில் குடியிருந்தபோது ஒருமுறை முதலிலேயே உப்பு போட்டு வேகவைத்தேன். எட்டு விசில் விட்டும் கடலை நறுக் நறுக்கென்றுதான் இருந்தது. வந்த விருந்தாளிகளுக்கு அப்பளத்தோடு சோறு போட்டு அனுப்பினேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து ஒரு சிட்டிகை சமையல் சோடா, கடைசியில் உப்பு. ஒருநாளும் தவறியதில்லை.

மயிலை அடுப்படி:
அங்கே என்ன தண்ணீர்? போர் தண்ணீரா?

பெரம்பூர் கைப்பக்குவம்:
ஆமாம். பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் தண்ணீர்.

மயிலை அடுப்படி:
அப்படியென்றால் பழி உப்புமேல் வரக்கூடாது. அந்தப் படிவு கால்சியமும் மக்னீசியமும். கடலைத் தோலைப் பசைபோலச் சேர்த்துப் பிடிக்கும் பெக்டினை இவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உப்பில் இருக்கும் சோடியம் அந்த இடத்துக்குப் போய் இறுக்கத்தைத் தளர்த்தும். உப்பு கல்லுப்பாகட்டும், தூளாகட்டும், வேலை ஒன்றுதான். கேன் தண்ணீரிலோ மெட்ரோ தண்ணீரிலோ செய்து பாருங்கள். கடலையும் பழசாக இருந்திருக்கலாம், வருஷக்கணக்கில் டப்பாவில் கிடந்தது எதைப் போட்டாலும் சீக்கிரம் வேகாது.

சோடாவும் வேகவைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பி1 வைட்டமினை அழித்துவிடும், கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வரும். பூண்டு, சீரகம் எது போட்டும் அந்த வாடை போகாது.

பெரம்பூர் கைப்பக்குவம்:
தண்ணீர் விஷயம் சரியாக இருக்கலாம். ஆனால் எல்லாக் கடலையும் முழுசாக முத்து முத்தாக நிற்கணும் என்று யார் சொன்னது? மெரினாவில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலைப் பாருங்கள். கால்வாசி குழைந்து, மாங்காயின் புளிப்பை இழுத்துக்கொண்டால்தான் அது சுண்டல். அந்தக் குழைவு எனக்கு சோடாவில்தான் வருகிறது.

அப்புறம் மொச்சைக் காரக்குழம்பு. மொச்சை முழுக்க வேகாமல் புளிக்கரைசலை ஊற்றினால் அவ்வளவுதான், பிறகு எவ்வளவு கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். உப்பைவிட இதைத்தான் புதுசாகச் சமைப்பவர்களுக்குச் சொல்லணும்.

மயிலை அடுப்படி:
புளியில் நூற்றுக்கு நூறு உங்கள் கட்சி. தக்காளிக்கும் அதே கதைதான்.

அடையாறு ஹாஸ்டல்:
நடுவில் ஒரு கேள்வி. எங்களிடம் குக்கர் இல்லை, சூடு கம்மியான மின்சாரப் பானை மட்டும்தான். ஊறவைத்த ராஜ்மாவை அதிலேயே நாள் முழுக்க விடலாமா?

பெரம்பூர் கைப்பக்குவம்:
தயவுசெய்து வேண்டாம் தம்பி. ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு, இளஞ்சூட்டில் அது போகாது, வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். அப்புறம் மெதுவாக வேகலாம்.

மயிலை அடுப்படி:
இதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை மட்டும் கொட்டாதீர்கள். கடலையை அதிலேயே ஆறவிட்டால் சாறு உள்ளே இறங்கும். மீதியில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வையுங்கள்.

பெரம்பூர் கைப்பக்குவம்:
ஞாயிற்றுக்கிழமை ஒரே கடலையை இரண்டு கிண்ணத்தில் ஊறவைக்கிறேன், ஒன்றில் உப்பு, ஒன்றில் வெறும் கேன் தண்ணீர். இரண்டையும் அம்மாவிடம் சொல்லாமல் கொடுத்து, வந்து எழுதுகிறேன். பட்டாணிக்கு மட்டும் சோடாதான்.