அத்தானின் துவக்குக்கு எந்த ஸ்கோப்: 3-9×40 ஆ, 6-24×50 ஆ?

நிலாவெளிப் படகுக்காரன்:

வணக்கம். அத்தான் மெல்பேர்ணில் இருக்கிறார். லைசன்ஸ் எடுத்து .308 (குண்டின் அளவு) ரைபிள் ஒன்று வாங்கிவிட்டார். சனிக்கிழமைகளில் ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) கடதாசிக் குறி சுடுகிறார். இனி மரை (பெரிய மான்) வேட்டைக்கும் போகப் போகிறாராம். ஸ்கோப் (துவக்கின் மேல் பூட்டுகிற தொலைநோக்கி) மட்டும் பாக்கி. ஒன்று 3-9×40, மற்றது 6-24×50, விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். (பைனாகுலர் மாதிரித்தான்: முன் எண்கள் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, கடைசி எண் முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில்.) "நீதானே நாள் முழுக்க பைனாகுலரோடு திரியிறவன், சொல்லு" என்று நேற்று இரவு போனில் பிடித்துக்கொண்டார்.

நான் மே முதல் ஓகஸ்ட் வரை திமிங்கிலம் காட்டப் படகு ஓட்டுகிறவன். துவக்கு என்றால் விலகி நடந்தே வளர்ந்த ஆள். இருபத்துநாலு மடங்கென்றால் இன்னும் வடிவாகத் தெரியும்தானே என்று சொல்ல வாயெடுத்து, தெரியாத விஷயம் என்று நிறுத்திக்கொண்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்றான் (இப்போது மெல்பேர்ண்):

தம்பி, 3-9×40 வாங்கச் சொல்லும். நான் 11 வருடமாக விக்டோரியாவில் மரைக்குப் போகிறேன். (இங்கத்தைய மரைகளின் பூட்டன்மாரில் சிலர் 1860களில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களாம். எங்களுக்கு முந்தியே பிஆர் (நிரந்தர வதிவிடம்) எடுத்துவிட்டார்கள்.)

முதலில் நானும் 6-24 தான் வாங்கினேன். ஒரு நாள் பள்ளத்துக்குள் இறங்கும்போது 40 மீற்றரில் பெரிய கொம்பன் ஒன்று எழும்பி நின்றது. ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தால் முழுக்க மண்ணிற மயிர். தோளா, தொடையா, ஒன்றும் விளங்கவில்லை. குறைந்த மடங்கே ஆறு என்றால் பக்கத்தில் நிற்கிற மிருகத்துக்கு அது கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. அது என்னை ஆறுதலாகப் பார்த்துவிட்டுப் போனது. இங்கே காடு அடர்த்தி, அநேகமான வெடி 100 மீற்றருக்குள்தான். மூன்று மடங்கில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும்.

அடுத்தது வெளிச்சம். முன் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் பிரித்தால் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டத்தின் அளவு. முழு மடங்கில் 40ஐ 9ஆல் பிரித்தால் 4.4 மில்லிமீற்றர். 50ஐ 24ஆல் பிரித்தால் 2.1 தான். வட்டம் சின்னதென்றால் மங்கல் நேரத்தில் இருட்டாகத்தான் தெரியும். இங்கே சூரியன் மறைந்து அரை மணித்தியாலம் வரை மான் சுடச் சட்டம் விடும். மரை வெளியே வருவதும் அந்த நேரம்தான்.

நம்பிக்கை இல்லையென்றால் உம்மிடம் இருக்கிற பைனாகுலர்களை எடுத்துக்கொண்டு பொழுதுபட்ட பிறகு திருகோணமலைக் கோட்டைக்குள் போம். புள்ளிமான் நிற்கும். பார்த்துவிட்டு வந்து சொல்லும்.

இன்னொன்று. .308 பின்னுக்கு உதைக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 சென்ரிமீற்றராவது இடைவெளி இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்கச் சொல்லும். மேட்டைப் பார்த்துச் சுடும்போது தலை தானாக முன்னுக்குப் போகும். என் வலது புருவத்தில் மூன்று தையல் இருக்கிறது.

ரேஞ்ச் பைத்தியம்:

அண்ணை வேட்டைக்காரர், அதனால் ரேஞ்சை மறந்துவிட்டார். 300 மீற்றரில் கடதாசி சுட ஒன்பது மடங்கு எனக்குப் போதாது. ஸ்கோப்பின் குறி திருத்துகிற குமிழ் ஒரு கிளிக்குக்குக் கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏ ஒரு பாகையின் அறுபதில் ஒன்று) நகர்த்தும் என்றால் 100 மீற்றரில் ஒரு கிளிக்குக்குக் குண்டு 7 மில்லிமீற்றர் நகரும். அந்த அளவுக்குத் திருத்த வேண்டுமென்றால் கண்ணுக்கும் தெரிய வேண்டும். 3-15×44 மாதிரி நடுவில் ஒன்றை ஏன் பார்க்கக்கூடாது?

பாலையூற்றான்:

பார்க்கலாம், காசு இருந்தால். அதே விலைக்கு வாங்கினால் கண்ணாடியின் தரம்தான் குறையும். முதல் வருடம் அவர் 100 மீற்றரில்தான் சுடுவார். அதற்கு ஒன்பது தாராளம். மிஞ்சுகிற காசை ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையத்தில் போடட்டும். குறி விலகுகிறது என்று வருகிற ஆட்களுக்குப் பாதி நேரம் ஸ்கோப்பில் பிழை இல்லை, வளையத்தின் ஆணி இளகியிருக்கும்.

கமரா வைத்தியர்:

துவக்கு தெரியாது, கண்ணாடி தெரியும். திருகோணமலையில் மாரி முடிந்ததும் என் மேசைக்கு வருகிற லென்சுகளில் அநேகம் பூஞ்சணம் பிடித்தவை. அத்தானின் காடும் ஈரக் காடுதானே. உள்ளே நைதரசன் நிரப்பி அடைத்ததாக வாங்கச் சொல்லுங்கள். அது உள்ளுக்கு ஆவி படியாது. நனைந்து வந்தால் உறைக்குள் போட்டு மூடி வைக்கக்கூடாது. அப்புறம், தம்பிக்குக் காட்டுகிறேன் என்று அதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வர வேண்டாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விளக்கம் சொல்லியே லீவு முடிந்துவிடும்.

நிலாவெளிப் படகுக்காரன்:

நேற்று போனேன். படகில் வைத்திருக்கிற 7×50ம், ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன 10×25ம் கையில். 6.40க்குக் கோட்டைக்குள் ஆலமரத்தடியில் நாலு மான். பத்து மடங்கில் கறுப்பாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். ஏழு மடங்கில் புள்ளியே தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. படகு ஆடும்போது ஏழுக்கு மேல் வேண்டாம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவனே நான்தான். ஆட்டத்துக்காக மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன்.

போனை 7×50இல் ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். 3-9க்கே ஓடர் போட்டுவிட்டாராம். வளையத்தைப் பற்றி எழுதியதற்குப் பதில் இல்லை. "கோட்டை மான் ஏனடா இவ்வளவு மெலிஞ்சு போச்சு?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.