நிலா வெள்ளைப் பல்பு மாதிரி வருகிறது, அவசரம்

மாடிவீடு | புதன், இரவு 9.42
நிலாவை போனில் எடுத்தால் வெள்ளைப் பல்பு மாதிரி வருகிறது. உள்ளே இருக்கும் கறுப்புத் திட்டு எதுவுமே இல்லை. ஜூம் பண்ணினால் இன்னும் மோசம். சுற்றிச் சிலுவை மாதிரி கோடு வேறு. கண்ணுக்கு எவ்வளவு அழகாகத் தெரிகிறது! பெண்ணின் பள்ளி ப்ராஜெக்ட், வெள்ளிக்கிழமை பிரிண்ட் கொடுத்தாக வேண்டும். பாட்டி வடை சுடுவது தெரிந்தே ஆக வேண்டுமாம். எந்த செட்டிங்கை மாற்ற? சீக்கிரம் சொல்லுங்கள்.

உப்பளம் | 9.47
என்ன போன்?

துடைத்தாயா | 9.51
முதலில் லென்ஸைத் துடையுங்கள். கைப்பையில் கிடக்கிற போனில் விரல் எண்ணெய் படியாமல் இருக்காது. பழைய வேட்டித் துணி போதும், டிஷ்யூ வேண்டாம். இங்கே வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் மருந்து, ஆனால் யாரும் கேட்பதில்லை.

வான்நோக்கி | 10.05
இந்தக் கேள்வி பௌர்ணமி தவறாமல் வந்துவிடும். போன் என்ன, எந்த மோட், கையில் பிடித்தா ஸ்டாண்டிலா, எத்தனை மடங்கு ஜூம், ஒன்றும் கிடையாது. எடுத்த படத்தையும் போடவில்லை. டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டுவது போல.

சரி, சொல்கிறேன். நிலா இரவில் தெரிவதால் அதை இருட்டுப் பொருள் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். போனும் அப்படியே நினைக்கிறது. அது வெயிலில் கிடக்கிற பாறை, பகலில் உங்கள் வீட்டு வடாம் காய்கிற அதே வெயில். திரை முழுக்கக் கறுப்பாக இருப்பதால் போன் எல்லாவற்றையும் சேர்த்து வெளிச்சமாக்கப் பார்க்கிறது, நிலா வெந்துபோகிறது. நைட் மோட் இருந்தால் அணையுங்கள். அது ஷட்டரை நொடிக்கணக்கில் திறந்து வைத்துக் காரியத்தைக் கெடுக்கும். திரையில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் வரும், அதைக் கீழே இழுங்கள். வானம் மையாகி நிலாவில் திட்டு எட்டிப் பார்க்கும் வரை இழுங்கள், பயப்பட வேண்டாம்.

ஃபிலிம் காலத்துக் கணக்கு தெரிந்தவர்களுக்கு: முழு நிலாவுக்கு அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது) 11, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/100 நொடி. போன் லென்ஸ் 1.8 என்றால் அதைவிட 37 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ப்ரோ மோட் (எல்லாவற்றையும் நாமே வைக்கிற வசதி) இருந்தால் ஐஎஸ்ஓ 50, ஷட்டர் 1/1000 வைத்து ஆரம்பியுங்கள். ஃபோகஸ் ஸ்லைடரை மலைப் படம் போட்ட முனைக்குத் தள்ளுங்கள்.

மாடிவீடு | 10.11
போன் பெயர் பின்னால் அழிந்துவிட்டது. பன்னிரண்டாயிரம் ரூபாய், இரண்டு வருடம் ஆகிறது. மூன்று கேமரா. ஜூம் 10 வரை போகும். லென்ஸைத் துடைத்தேன், அப்படியேதான்.

டிரைபாட்தம்பி | 10.14
கை நடுக்கம்தான் அக்கா, வேறொன்றும் இல்லை. 10 மடங்கு ஜூமில் மூச்சு விட்டாலே நிலா திரையை விட்டு ஓடும். 3 நொடி டைமர் வையுங்கள். ஸ்டாண்ட் இல்லையா, ஒரு துணிப்பையில் ரெண்டு கிலோ அரிசி போட்டு அதன்மேல் போனைச் சாயுங்கள். நான் எடுத்த எல்லாப் படமும் அரிசிப்பையில்தான்.

வான்நோக்கி | 10.16
1/1000-இல் கை நடுக்கம் எங்கிருந்து வரும்? யோசித்து எழுதவும்.

உப்பளம் | 10.22
அந்த விலையில் மூன்று கேமரா என்றால் பெரும்பாலும் ஒன்றுதான் உழைக்கும், மற்றது பேருக்கு. உங்கள் 10 மடங்கு லென்ஸ் ஜூம் இல்லை, படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டிப் பாருங்கள், நகமே முழு நிலாவையும் மறைத்துவிடும். வானத்தில் அதன் அகலம் அரை டிகிரிதான். 12 மெகாபிக்சல் படத்தில் நிலாவுக்குக் கிடைப்பது குறுக்கே 30 பிக்சல் போல. பாட்டி தெரிவாள், வடை தெரியாது. அக்கம்பக்கத்தில் பைனாகுலர் இருந்தால் அதன் கண்ணாடியில் போன் லென்ஸை ஒட்டி வைத்துப் பாருங்கள். மையம் பிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கடலைமிட்டாய் | 10.30
எங்கள் சித்தப்பா போனில் 100 மடங்கு ஜூம். பள்ளம் மேடு எல்லாம் துல்லியமாக வருகிறது. போனை மாற்றுங்கள்.

வான்நோக்கி | 10.38
அது படமா வரைபடமா என்று சித்தப்பாவைக் கேளுங்கள். 2023 மார்ச்சில் ரெடிட் என்ற இணைய மன்றத்தில் ஒருவர் நிலாப் படம் ஒன்றை 170 பிக்சலுக்குச் சுருக்கி, மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு சாம்சங் போனில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளமெல்லாம் படத்தில் வந்தது. செயற்கை நுண்ணறிவு நிலாவை அடையாளம் கண்டு விவரத்தைக் கூட்டுகிறது என்று அந்த நிறுவனமே பிறகு விளக்கம் கொடுத்தது. சீன் ஆப்டிமைசரை, அதாவது எதைப் படம் எடுக்கிறோம் என்று பார்த்துத் தானே மெருகேற்றுகிற செட்டிங்கை, அணைத்தால் அது நின்றுவிடும்.

கடலைமிட்டாய் | 10.41
கூட்டினால் என்ன? நிலா என்ன தினம் ஒரு முகமா காட்டுகிறது? எப்போதும் அதே பக்கம்தானே.

வான்நோக்கி | 10.46
அப்படியானால் காலண்டர் படத்தை வெட்டி ஒட்டிக்கொள்ளலாமே, போன் எதற்கு? அதே பக்கம் என்பதும் முழுக்கச் சரியில்லை. லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். பொறுமையாகப் பார்த்து வந்தால் பாதியோடு நிற்காமல் 59 சதவீதம் வரை பார்த்துவிடலாம்.

கடலைமிட்டாய் | 10.49
அந்தக் கூடுதல் 9 சதவீதத்தை உப்பளம் சொன்ன 30 பிக்சலில் காட்டுங்கள் சார், பார்ப்போம்.

துடைத்தாயா | 10.52
எந்த போனாக இருந்தாலும் துடைக்காமல் எடுத்தால் இதே கதிதான்.

செவ்வந்தி | 11.20
முதல் பதிவில் "சிலுவை மாதிரி கோடு" என்று எழுதியிருக்கிறார், அதை யாருமே கேட்கவில்லையே. விரல் எண்ணெய் என்றால் கோடு பெரும்பாலும் ஒரே திசையில் இழுக்கும், நான்கு பக்கமும் நேராக நீளாது. மேடம், எங்கே நின்று எடுக்கிறீர்கள்?

மாடிவீடு | 11.24
பெட்ரூம் ஜன்னலில்தான். ஏன்?

செவ்வந்தி | 11.25
கொசுவலை இருக்கிறதா?

மாடிவீடு | 11.26
இருக்கிறது. ஃப்ரேம் போட்டு அடித்தது, கழற்ற வராது. ஆனால் படத்தில் வலையே தெரியவில்லையே.

செவ்வந்தி | 11.33
லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருப்பதால் தெரியாது. ஆனால் வலையின் ஒவ்வொரு இழையும் வெளிச்சத்தை வளைத்துப் பரப்பும். படுக்கை இழைகள் மேலும் கீழும் கோடு போடும், நெடுக்கை இழைகள் பக்கவாட்டில். உங்கள் சிலுவை அதுதான். பல்பு மாதிரி வெளுப்பது தனி வியாதி, அதற்கு வான்நோக்கி சார் சொன்ன சூரியனைக் கீழே இழுக்கும் வழி சரி. மாடிக்குப் போங்கள். ஜூம் 3, 4 போதும், பிரிண்டுக்கு முன்னால் வெட்டிக்கொள்ளலாம். நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கும், வந்த உடனே எடுக்காமல் நன்றாக மேலே ஏறவிடுங்கள். அடிவானத்தில் காற்றும் புகையும் அதிகம், விளிம்பு தளும்பும்.

வான்நோக்கி | 11.40
ஜன்னல் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். அப்புறம், பௌர்ணமியில் நிழலே விழாது, தட்டையாகத்தான் இருக்கும். அஷ்டமி வாக்கில் எடுத்தால் வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தில் பள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும். ப்ராஜெக்ட் கொடுத்த டீச்சரிடம் சொல்லவும்.

கடலைமிட்டாய் | வியாழன், காலை 7.15
சித்தப்பா போனில் அந்த சீன் ஆப்டிமைசரை அணைத்து எடுத்தோம். அப்போதும் நன்றாகவே வருகிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

வான்நோக்கி | 7.32
இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பேசுவோம்.

மாடிவீடு | வெள்ளி, மாலை 6.08
மாடியில் போய் எடுத்தேன். சூரியனைக் கீழே இழுத்தேன். பாட்டி தெரிகிறாள். பிரிண்ட் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

துடைத்தாயா | 6.15
லென்ஸைத் துடைத்துவிட்டுத்தானே எடுத்தீர்கள்?

டிரைபாட்தம்பி | 6.20
படத்தைப் போடுங்கள் அக்கா. கையிலா, அரிசிப்பை மேலேயா?